ஈரமாகாத துணி

போன வார அத்தியாயத்தில் அவளைப் பேக்கிங் ஷெட்டின் பின்பக்க நடையில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். எதிரே தம்பி. வெளியே மழை. அவன் கேட்ட உதவிக்கு அவள் "மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். ஒரு வாரமாக அந்த ஒற்றை வார்த்தையோடு அவளை நிற்க வைத்த பாவம் நமக்கு எதற்கு? அவள் வீட்டுக்குப் போய்ப் பேருக்குச் சாப்பிட்டு, பேருக்குத் தூங்கி, விடிந்ததும் எழுந்து வந்துவிட்டாள். மழைதான் விடவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுப்போன பேரிக்காய் ஷெட்டை நடத்துவது அண்ணன். தோட்டங்களிலிருந்து வரும் காயைக் குளிர் அறையில் அடுக்கி, தரம் பிரித்து, பெட்டி போட்டு லாரி ஏற்றுவது தொழில். எந்தக் காய் பெட்டிக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று சொல்வது தங்கச்சி. அவள் கழித்துத் தள்ளுகிற வேகத்தைப் பார்த்து ஷெட்டில் எல்லாரும் அவளுக்குச் 'சல்லடை' என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், முதுகு திரும்பியதும் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளுடைய கல்யாணமும் அது முறிந்த விதமும் பழைய அத்தியாயங்கள். அவற்றை இன்றைக்குக் கிளற வேண்டாம்.

மூன்றாவது, தம்பி. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் குளிர் அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். உள்ளே இருந்த காய் மொத்தமும் வீணானது. அண்ணன் வேலைக்காரர்கள் முன்னால் அவன் கன்னத்தில் அடித்தார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அப்பா இறந்தபோதுகூட அண்ணன் அவனுக்குச் சொல்லவில்லை. அவள்தான் போன் செய்தாள், அதுவும் தாமதமாக. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அப்படிப்பட்டவன் இப்போது மீட்டர் விற்கிறவனாகத் திரும்பி வந்திருக்கிறான்.

மீட்டர் என்றால் பழத்தை வெட்டாமலே அதன் இனிப்பைச் சொல்கிற கையடக்கக் கருவி. பெரிய டார்ச் விளக்கு அளவுக்கு இருக்கும். பழத்தின் கன்னத்தில் வைத்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பும். திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்து உள்ளே எவ்வளவு இனிப்பு என்று எண்ணாகக் காட்டும். இதுவரை அவள் பெட்டிக்கு ஒரு காயை வெட்டி, சாறு பிழிந்து பார்த்து, மற்ற காய்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டிய காய் இனிக்கும். வெட்டாத காய் சப்பென்று இருக்கும். போன மாதம் அப்படித்தான் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது.

வாங்குகிறவர் போனில் கத்தவில்லை. "அடுத்த லோடுல இனிப்பு பன்னெண்டுக்குக் கீழ ஒரு பெட்டி இருந்தாலும் நமக்குள்ள சரிப்படாது" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கத்தியிருந்தால் அண்ணன் பதிலுக்குக் கத்தியிருப்பார், இரண்டு பேரும் சமாதானமாகியிருப்பார்கள். அந்த அமைதிதான் அண்ணனைத் தூங்கவிடவில்லை. ஷெட் நம்பி இருக்கிற ஒரே பெரிய ஆள் அந்த வாங்குகிறவர்தான். அவர் போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்த அடுத்த லோடு நாளைக் காலை புறப்படுகிறது. ஆகவே மீட்டரை இன்றைக்கே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தம்பி நேற்று கேட்டது இதுதான். "அக்கா, நாளைக்குச் சோதிக்கிற காயை இப்பவே குளிர் அறையிலேருந்து வெளிய எடுத்து வெச்சிடேன். எங்க மீட்டருக்குச் சில்லுனு இருக்கிற காய் பழக்கமில்ல. காய்ல பெரும்பாலும் தண்ணிதானே. சில்லுனு இருக்கிற தண்ணியில வெளிச்சம் வேற மாதிரி போய்ட்டு வருது. இது அதை இனிப்புன்னு நெனச்சுக் கூட்டிக் காட்டிடும். புது மாடல்ல சரி பண்ணிடறோம்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

"நம்ம ஷெட்ல காயைச் சில்லுனுதான்டா அளக்கணும்."

"தெரியும். இந்த ஒரு நாள் மட்டும். இது கெடைக்கலைன்னா என்னைக் கெளம்பச் சொல்லிடுவாங்க. வேலைகூடப் போகட்டும் அக்கா. ஒரே ஒரு தடவை அண்ணன் முன்னாடி தலை நிமிந்து நிக்கணும்."

அவள் "மாட்டேன்" என்றாள். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சல்லடை என்று பேர் வாங்கியவள் தம்பிக்காக ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ள முடியுமா?

*

சோதிக்கிற அறை ஷெட்டின் ஓரத்தில் இருந்தது. ஒரு நீள மேஜை, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, பகலிலும் எரிகிற டியூப் லைட். ஜன்னலுக்கு வெளியே வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

மேஜை மேல் மூன்று மீட்டர்கள். ஒன்று தபாலில் வந்தது, விலை குறைவு, போனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இரண்டாவது பெரிய கம்பெனியுடையது. அதோடு தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் வந்திருந்தார். மீட்டரைக் கைக்குழந்தையைத் தூக்குகிற பதத்தில் தூக்கினார். மூன்றாவது தம்பியுடையது. தம்பி மேஜையின் கடைசியில், புதுச் சட்டையில், முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடிக்காரர் தன் மீட்டரின் வாயில் ஒரு வெள்ளை வில்லையை வைத்துச் சரிபார்த்தார். "காய் நேரா குளிர் அறையிலேருந்துதானேம்மா வருது?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"அப்ப குளிருக்கு செட் பண்ணிடறேன். இதுல ரெண்டு விதமா வெச்சுக்கலாம். சாதாரண காய்க்கு ஒண்ணு, குளிர்ந்த காய்க்கு ஒண்ணு."

பொத்தானை அழுத்தினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மீட்டரில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.

அண்ணன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு தட்டு, குழி குழியாக இருக்கும் அட்டைத் தட்டுகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு பேரிக்காய். முதலாளி தட்டுத் தூக்கி அவள் பார்த்ததே இல்லை.

"யாரையாவது கொண்டுவரச் சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நான் தூக்கினா தேஞ்சா போயிடுவேன்?"

தம்பி இருக்கிற பக்கம் அவர் பார்க்கவே இல்லை. தட்டுகளை வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மனசுக்குள், 'லோடு பயம் மனுஷனை எப்படி ஆட்டிவைக்குது' என்று நினைத்துக்கொண்டாள்.

கைச்சூடு காயில் ஏறாமல் இருக்க எல்லார் கையிலும் உறை மாட்டிவிட்டாள். குளிர் அறைக் காயை வெளியே எடுத்தால் வியர்க்கும்; ஈரத்தின் மேல் மீட்டரை வைத்தால் தாறுமாறாகக் காட்டும். அதற்காக அண்ணியை ஒரு பருத்தித் துணியோடு தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு காயாகத் துடைத்துத் தள்ள வேண்டியது அண்ணியின் வேலை. ஆனால் அண்ணிக்குக் கண் காய் மேல் இல்லை.

"இளைச்சுப் போயிட்டியேப்பா."

"இல்ல அண்ணி, சட்டைதான் பெரிசு."

"அந்தக் கழுத்துக்கு எந்தச் சட்டையும் பெரிசாத்தான் இருக்கும்."

தம்பி சிரித்துவிட்டான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் தள்ளினாள்.

வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு காயிலும் அவள் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குள்தான் மூன்று மீட்டரும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்தையே வெட்டி, சாறு பிழிந்து, சொட்டைச் சின்னக் குழாய் ஒன்றின் கண்ணாடிச் சில்லில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் இனிப்பு எண்ணைப் பார்ப்பாள். அந்தச் சின்னக் குழாய்க்கு வீட்டில் 'தூரப்பார்வை' என்று பேர். சின்ன வயசில் தம்பி அதை வைத்து நிலாவைப் பார்க்கப் போய் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். தூரப்பார்வை சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. மீட்டர்கள் அதற்கு எவ்வளவு கிட்டே வருகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை.

தபால் மீட்டரின் சாயம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. ஒரே காயை ஒரே இடத்தில் இரண்டு தடவை அளந்தால் இரண்டு எண். ஜன்னல் பக்கம் நகர்த்தினால் மூன்றாவது எண்.

"இது மனசுக்குத் தோணினதைச் சொல்லுது" என்றார் அண்ணன் சுவரோரத்திலிருந்து. காலையிலிருந்து அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

அடுத்தது கண்ணாடிக்காரர். தூரப்பார்வை பதிமூன்று என்றால் அவருடையது பதினொன்றரை. தூரப்பார்வை பன்னிரண்டு என்றால் அவருடையது பத்தரை. ஒவ்வொரு காயிலும் அதே போலக் குறைந்தது. அவர் வெள்ளை வில்லையை மறுபடி வைத்தார், மறுபடி அளந்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

தம்பி அளந்தான். பதிமூன்றுக்குப் பதிமூன்று. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டே கால். பத்துக்குப் பத்து. பலகையில் எழுத எழுத அவளுக்கே நம்ப முடியவில்லை. கூட்டிக் காட்டும் என்று இவன் பயந்தானே, எங்கே கூட்டிக் காட்டுகிறது? அடுத்த காய், அதற்கடுத்த காய் என்று வெட்டிக்கொண்டே போனாள். கத்தி எங்கே போகிறது, விரல் எதைத் தொடுகிறது என்ற நினைப்பே இல்லை. கண் முழுக்கப் பலகையில்தான் இருந்தது. தம்பியின் எண்ணும் தூரப்பார்வையின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. தான் வளைந்து கொடுக்காமலே அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் எண்களைப் பெரிது பெரிதாக எழுதினாள்.

கடைசிக் காய் முடியும் முன்பே அண்ணன் சொன்னார். "போதும். அவனுதையே வாங்கிக்கலாம்."

தம்பியின் பேரைச் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் 'அவனுது' என்று சொன்னார். அண்ணி துணியை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். கண்ணைத் துடைக்கத்தான் போயிருப்பாள்.

கண்ணாடிக்காரர் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே அவளிடம் மெதுவாகக் கேட்டார். "எங்கயும் இப்படி ஆனதில்லம்மா. காய் சில்லுனுதானே இருந்துது?"

"நேரா குளிர் அறையிலேருந்துதான் சார் வந்துது."

"நீங்க சொன்னா சரி."

அவர் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, குடையை மீட்டருக்குப் பிடித்து, தான் நனைந்தபடி போனார்.

*

மத்தியானம் நான்கு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. அண்ணி தம்பி தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டார். நடுவில் ஒரு தடவை குழம்புப் பாத்திரத்தை ஒரு விரலால் தம்பி பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். தம்பி அந்தப் பாத்திரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

சாப்பிட்டதும் ஜன்னலோரம் நின்று தன் மேலதிகாரிக்குப் போன் போட்டான். "ஆமா சார், நேரா குளிர் அறையிலேருந்து எடுத்த காய்தான். பிசகாம காட்டிச்சு. நாமதான் சும்மா பயந்துட்டிருந்தோம். தாராளமா மத்த ஷெட்டுக்கும் சொல்லலாம் சார்."

அவன் குரலில் பழைய தம்பி இருந்தான். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அவளுக்கு அது கேட்கக் கேட்க இனித்தது. டவுனில் தங்கியிருக்கிற ரூமில் இன்னும் இரண்டு மீட்டர் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று கிளம்பினான். போகிறவன் அவள் காதருகில் குனிந்தான்.

"நேத்து நீ மாட்டேன்னு சொன்னது எவ்ளோ நல்லதாப் போச்சு பாத்தியாக்கா. நீ எடுத்து வெச்சிருந்தா ஆயுசுக்கும் எனக்கு உறுத்திட்டே இருந்திருக்கும். இப்ப நேர்மையா ஜெயிச்சிருக்கேன்."

அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

சாயங்காலம் சோதிக்கிற அறையை ஒழுங்குபடுத்தப் போனாள். வெட்டிய துண்டுகளைக் கூடையில் கொட்டினாள். தூரப்பார்வையைக் கழுவித் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அண்ணி போட்டுவிட்டுப் போன துணி மேஜை மேல் கிடந்தது. துவைக்கப் போடலாம் என்று எடுத்தாள்.

துணி காய்ந்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

அவள் அதை விரித்துப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். மழை நாளில் குளிர் அறைக் காயை வெளியே எடுத்தால் சொட்டுச் சொட்டாக வியர்க்கும். நான்கு தட்டுக் காயைத் துடைத்த துணியைப் பிழிந்தால் தண்ணீர் வர வேண்டும். அண்ணி துடைக்கவே இல்லையா? துடைக்காவிட்டால் தட்டு நனைந்திருக்க வேண்டும். அட்டைத் தட்டுகளைத் தடவினாள். ஈரமே இல்லை.

அப்புறம்தான் விரல்கள் ஞாபகம் வந்தன. சில்லென்ற காயைப் பிழிந்தால் உறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும். பத்துக் காய்க்கு ஒரு தடவை கையை உதறிக்கொள்வது அவளுடைய வழக்கம். இன்றைக்கு ஒரு தடவைகூட உதறவில்லை.

எத்தனை வருஷமாகக் காயைத் தொட்டவள். தொட்டாலே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் தெரிந்துகொள்ள மனசில்லை என்றுதான் அர்த்தம். மனசு ஒன்றைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டால் கண்ணும் கையும் அதற்கு ஒத்து ஊதும். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. அந்தக் கண்ணாடிக்காரரிடம் எவ்வளவு தைரியமாகச் சொன்னாள். பாவம், அந்த மனுஷனின் மீட்டர்தான் சரி. குளிருக்கு வைத்த மீட்டரிடம் குளிராத காயைக் கொடுத்தால் அது குறைத்துத்தானே காட்டும்?

தம்பியின் மீட்டரையும் அந்தக் காய்ந்த துணியையும் எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குப் போனாள். நாளைக்கு லாரி ஏறப்போகிற வரிசையிலிருந்து ஒரு காயை எடுத்து, அது வியர்க்கும் முன் உள்ளேயே வைத்து மீட்டரை அழுத்தினாள். பதிமூன்றரை. அந்த இடத்தை வெட்டிப் பிழிந்து தூரப்பார்வையில் பார்த்தாள். பத்தரை.

இன்னொன்று எடுத்தாள். பதினான்கு. பிழிந்தால் பதினொன்று.

விரல்கள் மரத்துவிட்டன.

*

அண்ணன் குளிர் அறை வாசலில் வந்து நின்றார். அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தார், பிழிந்துபோட்ட காயைப் பார்த்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கேட்டாள்.

"காயை எப்ப வெளிய எடுத்தீங்க அண்ணா?"

"நேத்து நீங்க ரெண்டு பேரும் நடையில பேசினதுக்கு அப்புறம்."

"கேட்டுட்டிருந்தீங்களா?"

"ஆபீஸ் ரூம் ஜன்னல் நடைப்பக்கம் தெறந்துதானே இருந்துது."

"அப்ப இந்த மீட்டர் சில்லுனு இருக்கிற காய்ல பொய் சொல்லும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் மீட்டரை அவர் முன்னால் நீட்டினாள். "நாளைக்கு லோடு போகுது. சப்புனு இருக்கிற காயெல்லாம் பதிமூணு பதினாலுன்னு பாஸ் ஆகிப் போகும். அந்தாளு ஒரு பெட்டிய தெறந்தாப் போதும், நம்ம கதை முடிஞ்சுது. இத்தனை பேர் வேலை இதுல இருக்கு. எல்லாம் தெரிஞ்சுமா?"

"காயை வெளிய எடுத்து வெச்சு அளந்தா என்ன?"

"மொத்தத்தையும் வெளிய எடுத்து, அளந்து, திருப்பி உள்ள வெச்சா காய் மாவாப் போயிடும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் குளிர் அறைக் கதவின் ரப்பர் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தம்பி சாத்தாமல் போன கதவு.

"அப்பா போனப்ப அவனுக்கு நான் சொல்லல" என்றார். "கோபம். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு ஒரு வீம்பு. அவன் வந்து வாசல்ல நின்னான். எல்லாம் முடிஞ்சிருந்துது. ஏன் சொல்லலைன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டையப் புடிச்சிருக்கலாம். ஒண்ணுமே கேக்காமப் போயிட்டான். அது எனக்கு உள்ள அப்படியே கெடக்குது."

"அதை அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே. மன்னிச்சிடுடான்னு ஒரு வார்த்தை."

"வாய் வரலையே."

"வாய் வராததுக்கு லோடையா குடுப்பீங்க?"

"கையில இருந்தது அதானே" என்றார் அவர். அதைச் சொல்லும்போது கல்மாதிரி இருக்கிற அந்த முகம் கொஞ்சம் உடைந்தது. அவளுக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. ஷெட்டைக் காப்பாற்ற ஒரே வழி, கண்ணாடிக்காரரைத் திரும்பக் கூப்பிடுவது. கூப்பிட்டால் தம்பிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் மத்தியானம் சிரித்த சிரிப்பு இந்த ஜென்மத்தில் திரும்ப வராது.

"நான் அவன்கிட்டச் சொல்லத்தான் போறேன் அண்ணா."

"சொல்லு. காலையில சொல்லு. இன்னிக்கு ஒரு நாள் அவன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு வந்தான். தலைமுடியிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்தது. அண்ணனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெட்டியைக் கீழே வைத்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அண்ணனிடம் நேராகப் பேசினான்.

"நாளைக்கு லைன்ல எப்படி அளக்கணும்னு காட்டறேன் அண்ணா. ஒரு நிமிஷம் பாருங்க."

அவள் கையிலிருந்த மீட்டரை வாங்கினான். குளிர் அறை வாசலை ஒட்டி உள்ளே இருந்த தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தான். அது உடனே வியர்த்தது. அவள் கையிலிருந்த துணியையும் வாங்கித் துடைத்தான். மீட்டரை வைத்து அழுத்தினான்.

"பாருங்க. பதினாலே கால்." அவன் முகம் பூரித்துப்போயிற்று. காயை இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினான். "சாப்பிட்டுப் பாருங்க அண்ணா."

அண்ணன் வாங்கினார். அவள் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

அவர் கடித்தார். மெதுவாக மென்றார். விழுங்கினார்.

"இனிக்குதுடா" என்றார்.

'டா' என்று அண்ணன் வாயிலிருந்து கேட்டுத் தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்தபடி கையை நீட்டினான். "எனக்கும் ஒரு வாய் குடுங்க."

அண்ணன் கொடுக்கவில்லை. இன்னொரு கடி கடித்தார். அப்புறம் இன்னொன்று. நின்ற இடத்திலேயே, யாரையும் பார்க்காமல், சில்லென்ற காயைப் பல் கூசக் கூசத் தின்றார். சதை முடிந்தது. நடுத்தண்டையும் மென்றார். விதையையும் மென்றார். கடைசியில் காம்பு மட்டும் விரலில் மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தம்பியின் கை நீட்டியபடியே இருந்தது. அவன் அண்ணனின் வாயைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் இன்னொரு கையில் இருந்த துணியைப் பார்த்தான். ஒரே ஒரு காயைத் துடைத்த துணி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. காலையில் அண்ணி மடியில் மடிப்புக் கலையாமல் கிடந்த அதே துணி.

சிரிப்பு அவன் முகத்தைவிட்டு மெல்லப் போயிற்று. குனிந்து தட்டிலிருந்து இன்னொரு காயை எடுத்தான்.

"அக்கா" என்றான். "அந்தத் தூரப்பார்வைய எடேன்."

அது அவள் கோட்டுப் பையில்தான் இருந்தது. அவள் பைக்குள் கையை விட்டாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.